மூன்று வருடம் தாண்டிய பழைய கடன்: கையெழுத்துப் போடுவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டிய தேதிகள்

இரண்டு வருடம் பத்து மாதமாகக் கட்டாமல் விட்ட கிரெடிட் கார்டு. நடுவில் ஒரு வருடம் யாருமே கூப்பிடவில்லை. திடீரென்று ஒரு நாள் போன் வருகிறது: "சார், பழசெல்லாம் விடுங்க. இப்போதைக்கு ஒரு ஆயிரம் ரூபா கட்டுங்க, ஒரு லெட்டர்ல கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. கேஸ் போகாம நான் பார்த்துக்கறேன்."

ஒன்றரை லட்சம் பாக்கிக்கு ஆயிரம் ரூபாய் எந்த மூலைக்கு? அவருக்கு வேண்டியது ஆயிரம் ரூபாய் இல்லை, கையெழுத்து. வழக்குப் போட இருக்கும் மூன்று வருடக் கெடு இன்னும் இரண்டு மாதத்தில் முடிய வேண்டியது, அந்தக் கையெழுத்து விழுந்த நாளிலிருந்து மறுபடி மூன்று வருடம் ஓடும்.

நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பல வருடம் இருந்தவன். பிராது (வழக்குப் போடும் மனு) தட்டச்சு செய்வது, வாய்தா தேதி குறிப்பது, வழக்குக் கட்டுகளைத் தேடி எடுப்பது என்று எல்லாம் பார்த்திருக்கிறேன். கடன் விஷயமாக வருகிறவர்களில் பாதிப் பேர், எதிலாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் எங்கள் படி ஏறுவார்கள். அதற்கு முன்னால் படிக்க வேண்டியது இது. இந்தியாவில் வாங்கிய கடனுக்கு மட்டும்தான் இதில் சொல்வது பொருந்தும்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துக்கொள்வோம்

"மூணு வருஷம் ஆயிடுச்சு, கடன் காலாவதி" என்று டீக்கடையில் சொல்வார்கள். பாதி சரி. 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் (கோர்ட்டில் எல்லோரும் லிமிடேஷன் என்றே சொல்வார்கள்) எடுத்துக்கொள்வது, வழக்குப் போட்டு வசூலிக்கும் வழியை மட்டும்தான். கடன் அப்படியே இருக்கும். கடன் கொடுத்தவர் கேட்கலாம், கடிதம் போடலாம், நீங்களாக மனமுவந்து கட்டினால் வாங்கிக்கொள்ளலாம். கட்டிய பிறகு "கெடு முடிந்த கடன், திருப்பிக் கொடு" என்று நீங்கள் கேட்க முடியாது.

கையில் ஏற்கெனவே ஈடு வைத்திருப்பவருக்குக் கோர்ட்டே தேவையில்லை. ஒரு வழக்கில், ஜாமீன் போட்டவர் ஈடாகக் கொடுத்திருந்த வைப்புத்தொகையை, கெடு முடிந்த பிறகு வங்கி கடனில் வரவு வைத்துக்கொண்டது. அவர் வங்கி அதிகாரிகள் மேல் குற்றப் புகாரே கொடுத்தார். 1992-இல் சுப்ரீம் கோர்ட் அந்தப் புகாரை ரத்து செய்தது. காலவரம்பு வழியைத்தான் அடைக்கிறது, உரிமையை அழிப்பதில்லை என்பதுதான் அதில் சொன்ன காரணம். நகைக் கடனிலும் இதே கதைதான். மூன்று வருடம் ஆகிவிட்டது என்பதற்காக அடகு வைத்த சங்கிலி வீட்டுக்கு நடந்து வராது.

"வாங்கின கடனைக் கட்டாமல் இருக்க வழி சொல்லித் தருகிறாயா?" என்று சிலருக்குத் தோன்றும். வட்டியில்லாமல் கைமாத்துக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்குச் சட்டப் பிரிவைக் காட்டுகிறவரோடு எனக்கும் ஒத்துப்போகாது. ஆனால் அசலைப் போல மூன்று மடங்கு அபராதத்தைச் சேர்த்து, கணக்குச் சீட்டுக்கூடக் காட்டாமல் மிரட்டுகிறவரிடம் தேதியைக் கேட்பதில் ஒரு தப்பும் இல்லை.

எந்த மாதிரிக் கடன், எந்தத் தேதியிலிருந்து

கிரெடிட் கார்டு, தனிநபர் கடன், கைமாத்து, புரோநோட்டு (பணம் தருவதாக எழுதிக் கொடுக்கும் கடன் சீட்டு) என எல்லாவற்றுக்கும் கெடு 3 வருடம். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் வித்தியாசம்.

எழுத்தே இல்லாத கைமாத்தில், பணம் கைமாறிய நாளிலிருந்து எண்ண வேண்டும். "கேட்கும்போது தருகிறேன்" என்று எழுதிய புரோநோட்டில், நோட்டில் போட்ட தேதியிலிருந்து. இந்த இடத்தில் பலர் வழுக்குவார்கள். கேட்ட நாளிலிருந்துதான் கெடு தொடங்கும் என்று நினைத்துக் கடன் கொடுத்தவர் சும்மா இருந்துவிடுவார். அப்படி இல்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் எழுதிய நாளிலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். இன்ன தேதியில் தருகிறேன் என்று எழுதியிருந்தால் மட்டும் அந்தத் தேதியிலிருந்து.

மாதத் தவணைக் கடனில் ஒவ்வொரு தவணைக்கும் அதன் அதன் தேதி. ஒரு தவணை தவறினாலே முழுத் தொகையும் கேட்கலாம் என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்தால், தவறிய நாளிலிருந்தே முழுத் தொகைக்கும் எண்ண வேண்டும் என்று வாதாட இடம் உண்டு. வங்கித் தரப்போ, முழுக் கடனையும் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் விட்ட நாளிலிருந்து எண்ணச் சொல்லும். கிரெடிட் கார்டில் பொதுவாக, கடைசியாகக் கட்டிய தேதியும் அதற்குப் பிறகு கட்டத் தவறிய தேதியும்தான் முக்கியம். ஆகவே பழைய ஸ்டேட்மென்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் பட்டியலை எடுத்துக் கடைசிப் பணம் போன நாளைக் கண்டுபிடியுங்கள். அந்த ஒற்றை வரிதான் உங்கள் ஆதாரம்.

வீட்டையோ நிலத்தையோ அடமானம் வைத்த கடனுக்கு மூன்று வருடக் கணக்கு செல்லாது. பத்திரத்தை வங்கியில் கொடுத்து வைத்ததும் அடமானம்தான். அதற்குக் கெடு 12 வருடம். அரசாங்கமே போடும் வழக்குக்கு 30 வருடம். கோர்ட்டில் ஏற்கெனவே டிகிரி (பணத்தைக் கட்டச் சொல்லும் தீர்ப்பு) ஆகிவிட்டதா? அதை நிறைவேற்றக் கேட்கும் மனுவுக்கு 12 வருடம். இதுதான் பலரை வீழ்த்துவது, பின்னால் வருகிறேன்.

மின்கட்டணம் தனி ரகம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவுப்படி, கட்ட வேண்டிய தேதியிலிருந்து 2 வருடம் தாண்டிய பாக்கியை, தொடர்ந்து பில்லில் பாக்கியாகக் காட்டி வந்திருந்தாலொழிய, அந்தப் பிரிவின் கீழ் வசூலிக்க முடியாது. பழைய பாக்கிக்காக ஃபியூஸைப் பிடுங்க வந்தால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

தேதியை எண்ணுவது எப்படி

முதல் நாளை விட்டுவிட்டு எண்ணுங்கள். 10-6-2019-இல் எழுதிய புரோநோட்டு 10-6-2022-இல் முடிய வேண்டும். ஆனால் நடுவில் கொரோனா வந்தது. சுப்ரீம் கோர்ட் 15-3-2020 முதல் 28-2-2022 வரையிலான நாட்களைக் கணக்கிலிருந்து கழித்துவிடச் சொல்லி 2022 ஜனவரி 10-ஆம் தேதி உத்தரவு போட்டது. ஆக, 2020 மார்ச் நடுவில் மீதமிருந்த இரண்டு வருடம் இரண்டு மாதம் சொச்சம் 1-3-2022-இலிருந்து மறுபடி ஓடும். அந்த நோட்டின் கெடு 2024 மே கடைசி வாரத்துக்குப் போய்விடுகிறது.

அதோடும் முடியவில்லை. மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. கெடு விடுமுறையில் முடிந்தால், கோர்ட் திறக்கும் நாளில் வழக்குப் போடலாம் என்று காலவரம்புச் சட்டத்தின் 4-வது பிரிவு சொல்கிறது. எனவே ஜூன் முதல் வாரத்தில் பிராது போட்டிருந்தாலும் அது கெடுவுக்குள்தான். "நாலு வருஷம் ஆச்சே, பயமில்லை" என்று வந்த ஒருவருக்கு இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியபோது அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கொரோனா நாட்களுக்குள்ளேயே கட்டாமல் நின்ற கடன் என்றால் கணக்கு எளிது. 1-3-2022-இல் தொடங்கி மூன்று வருடம், அதாவது 2025 பிப்ரவரி கடைசியோடு முடிகிறது. வேறு எதுவும் குறுக்கே வராவிட்டால்.

குறுக்கே வரக்கூடியதில் ஒன்று நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் தெரியாது. கடன் வாங்கியவர் இந்தியாவில் இல்லாத நாட்கள் கணக்கில் சேராது. அதே சட்டத்தின் 15-வது பிரிவில் இருக்கிறது. 2017 ஜனவரியில் தவணை நின்றது, 2018 ஜனவரியில் துபாய்க்குப் போய் 2023 ஜனவரியில் திரும்பினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கணக்கில் ஓடியது ஒரு வருடம்தான். மீதி இரண்டு வருடம் திரும்பி வந்த பிறகு ஓடி, 2025 ஜனவரியில்தான் முடியும். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்து வந்தவர்கள் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு எண்ண வேண்டும்.

எது கெடுவை நீட்டாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கடன் கொடுத்தவர் நோட்டீஸ் அனுப்பினால் நீளாது. நூறு முறை போன் செய்தாலும் நீளாது. வங்கி உங்கள் கடனை வேறொரு நிறுவனத்துக்கு விற்றால், வாங்கிய நாளிலிருந்து புதுக் கெடு தொடங்காது. பழைய தேதியோடுதான் அவர்கள் அதை வாங்குகிறார்கள்.

கையெழுத்து என்ன செய்யும்

கெடு முடிவதற்கு முன்னும் பின்னும் உங்கள் கையெழுத்துக்கு மதிப்பு வேறு. இதை மட்டும் மெதுவாகப் படியுங்கள்.

கெடு முடிவதற்கு முன், கடன் இருப்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 வருடம். இது காலவரம்புச் சட்டத்தின் 18-வது பிரிவு. "கடன் இருக்கிறது, ஆனால் இப்போது தர முடியாது" என்று எழுதினாலும் ஒப்புதல்தான். வேறு யாருக்கோ எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டிருந்தாலும் செல்லும். மின்னஞ்சலை ஒப்புதலாக ஏற்ற தீர்ப்புகள் உண்டு. ஆகவே வாட்ஸ்அப்பில் "கொஞ்சம் டைம் குடுங்க சார், செட்டில் பண்ணிடறேன்" என்று தட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

கெடுவுக்குள் அசலிலோ வட்டியிலோ கொஞ்சம் கட்டினாலும் புதுக் கெடு தொடங்கும். ஆனால் கட்டியதற்கு உங்கள் கையெழுத்தோ கையால் எழுதிய குறிப்போ இருக்க வேண்டும் என்கிறது 19-வது பிரிவு. யூபிஐயில் அனுப்பியதற்குக் கையெழுத்து எங்கே என்று வக்கீல் வாதாடலாம். அந்த வாதத்தை நம்பிப் பணம் அனுப்புவது புத்திசாலித்தனம் இல்லை.

கெடு முடிந்த பிறகு நிலைமை மாறுகிறது. அப்போது வெறும் ஒப்புதல் கடனை உயிர்ப்பிக்காது. ஐந்நூறு ரூபாய் கட்டியதும் உயிர்ப்பிக்காது. ஆனால் "இந்தத் தொகையைத் தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி அது புது ஒப்பந்தம். செத்த கடனுக்குப் புதுப் பிறவி. வசூல் ஏஜென்ட் நீட்டும் செட்டில்மென்ட் படிவத்தில் பெரும்பாலும் இருப்பது இந்த வரிதான், பொடி எழுத்தில்.

புரோநோட்டின் பின்பக்கத்தைப் பார்த்தால் இதெல்லாம் கண்ணுக்கே தெரியும். எங்கள் அலுவலகத்துக்கு ஒரு நோட்டு வந்தது. முன்பக்கம் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப், அதன் மேல் குறுக்கே கையெழுத்து, தேதி 12-8-2008. பின்பக்கம் நீல மையில் இரண்டு வரி. "5-8-2011 வட்டியில் வரவு ரூ.500", கீழே கையெழுத்து. அடுத்தது "20-9-2014 வட்டியில் வரவு ரூ.500", அதே கையெழுத்து. வட்டிக்குக் கொடுத்தவர் பழக்கப்பட்ட ஆள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆடியில் வந்து, ஐந்நூறு ரூபாய் வாங்கிப் பின்னால் எழுதி வாங்கிக்கொண்டு போவார். முதல் தடவை ஏழு நாள் மிச்சம் வைத்து வந்துவிட்டார். இரண்டாம் தடவை என்ன காரணமோ, தாமதம். 5-8-2014-இல் முடிந்த கெடுவுக்கு ஒன்றரை மாதம் கழித்து எழுதிய வரி அது. "தருகிறேன்" என்ற சொல் அதில் இல்லை, வரவு மட்டும்தான். வழக்கு அந்த இடைவெளியிலேயே விழுந்தது.

ஆகவே உங்கள் நோட்டின் நகல் கிடைத்தால் பின்பக்கத்தை முதலில் பாருங்கள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் மூன்று வருடத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறதா, உங்கள் கையெழுத்துதானா. இரண்டே கேள்வி.

கூட்டாகக் கடன் வாங்கியிருந்தால், ஒருவர் போட்ட கையெழுத்து அந்தக் காரணத்துக்காக மட்டும் மற்றவரைக் கட்டாது. தம்பி எழுதிக் கொடுத்தான் என்பதால் அண்ணனின் கெடு நீண்டுவிடாது. ஜாமீன்தாரரின் கெடுவோ, அவர் எழுதிக் கொடுத்த ஜாமீன் பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்தது. "கேட்டதும் தருகிறேன்" என்ற தொடர் ஜாமீனில், அவரிடம் கேட்டு அவர் மறுத்த பிறகே கெடு தொடங்கும். ஜாமீன் போட்டவர்கள் இதை வக்கீலிடம் காட்டாமல் முடிவு எடுக்காதீர்கள்.

எழுதாத புரோநோட்டில் ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருந்தால் கவனம். அதை நிரப்பிக்கொள்ளச் சட்டமே அனுமதி தருகிறது. தேதியையும் அவர் வசதிக்கு எழுதிக்கொண்டால், அது பொய்த் தேதி என்று காட்ட நீங்கள்தான் ஆதாரம் தேட வேண்டும். வெற்றுச் செக்கும் அப்படித்தான். செக் திரும்பினால், செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவில் போடும் குற்ற வழக்குக்குத் தனிக் காலக்கணக்கு உண்டு: வங்கி திருப்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், உங்களுக்குப் பணம் கட்ட 15 நாள், அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் புகார். கெடு முடிந்த கடனுக்குக் கொடுத்த செக் இதில் வருமா என்பதில் ஹைகோர்ட்டுகள் ஒன்றுபோலச் சொல்லவில்லை. 138 நோட்டீஸ் வந்தால் "கடன்தான் காலாவதி ஆச்சே" என்று சும்மா இருக்க வேண்டாம்.

அப்பா வாங்கிய கடன்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் ஒருவர் வந்து நிற்பார். "உங்கப்பா இருந்தா இப்படி இழுக்க மாட்டார். நீங்க ஒரு புது நோட்டு எழுதிக் குடுத்துடுங்க, மனசுக்கு நிம்மதி." ஊர் பார்க்கிறது, அம்மா அழுகிறார், மகன் எழுதிக் கொடுத்துவிடுகிறான். அந்த நிமிடம் அது மகனின் சொந்தக் கடனாகிவிடுகிறது.

எழுதிக் கொடுக்காவிட்டால்? அப்பா விட்டுச் சென்ற சொத்து எவ்வளவு உங்கள் கைக்கு வந்ததோ அந்த அளவுக்குத்தான் வாரிசுக்குப் பொறுப்பு. அதைத் தாண்டி உங்கள் சம்பளத்திலோ நீங்கள் வாங்கிய இடத்திலோ கைவைக்க முடியாது. அப்பா இறந்ததால் ஓடிக்கொண்டிருந்த கெடுவும் நிற்காது. "நோட்டைக் காட்டுங்க, நகல் எடுத்துக்கறேன், கலந்து பேசிச் சொல்றேன்" என்று சொல்லி அனுப்புங்கள். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

போன் வந்தால், கடிதம் வந்தால்

போனில் தொகையைப் பற்றி ஆம், இல்லை எதுவும் வேண்டாம். யார், எந்த நிறுவனம், கணக்கு எண் என்ன என்று குறித்துக்கொண்டு, எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது. உறவினரையும் நண்பரையும் தொந்தரவு செய்வது, ஊர் முன்னால் அவமானப்படுத்துவது எதுவும் கூடாது. மீறினால் முதலில் அந்த வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) இணையத்தில் புகார் போடலாம், கட்டணம் இல்லை. செக் திரும்பிய 138 வழக்கு தனி. மற்றபடி கடன் கட்டாதது மட்டும் குற்ற வழக்கு இல்லை. "போலீஸ் வருது, வாரன்ட் ரெடி" என்பதெல்லாம் வெறும் மிரட்டல்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுங்கள், ஆனால் சுருக்கமாக. குடும்பக் கஷ்டம், வேலை போன கதை, "எப்படியும் தந்துவிடுவேன்" எதுவும் வேண்டாம். நாங்கள் அனுப்பும் பதிலின் சாரம் இவ்வளவுதான்:

"தங்கள் நோட்டீஸில் கண்ட கோரிக்கையை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடன் ஒப்பந்தத்தின் நகல், முழுக் கணக்கு விவரம், கடைசியாகப் பணம் வரவான தேதி, கடன் வேறு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் அதற்கான பத்திரத்தின் நகல் ஆகியவற்றை அனுப்பவும். கோரிக்கை காலவரம்புக்கு உட்பட்டதா என்பது உட்பட என் எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கவில்லை. இக்கடிதம் எந்தக் கடனுக்கும் ஒப்புதலோ உறுதிமொழியோ ஆகாது."

கடன் வாங்கவே இல்லை என்று பொய் எழுத வேண்டாம். அது பின்னால் உங்கள் மேலேயே திரும்பும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைக் கடித நகலோடு பின் செய்து வையுங்கள்.

சம்மன் வந்தால்

இங்கேதான் நிறையப் பேர் தோற்கிறார்கள். "மூணு வருஷம் முடிஞ்ச கடன், கோர்ட் தானா தள்ளுபடி பண்ணிடும்" என்று சம்மனை வாங்கிப் பரணில் போட்டுவிடுவார்கள். எதிராளி சொல்லாவிட்டாலும் கெடு முடிந்த வழக்கைக் கோர்ட் தள்ளுபடி செய்தாக வேண்டும் என்று காலவரம்புச் சட்டத்தின் 3-வது பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் நீங்கள் ஆஜராகாவிட்டால் நீதிபதி முன் இருப்பது வாதியின் காகிதங்கள் மட்டும். பிராதில் கெடுவுக்குள் வருகிற மாதிரி ஒரு தேதி எழுதியிருப்பார்கள். அதை மறுக்க யாரும் இல்லை. நீங்கள் இல்லாமலே எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆகிவிடும். அப்புறம் மூன்று வருடக் கணக்கெல்லாம் போய், 12 வருடக் கணக்கு. சம்பளத்தைப் பற்றுவதோ, வண்டியை ஜப்தி செய்வதோ அந்தக் காலத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம்.

சம்மன் கிடைத்த நாளை அதன் மேலேயே எழுதிவிட்டு வக்கீலைப் பாருங்கள். எதிருரை (பிராதுக்கு உங்கள் பதில்) போட 30 நாள். தக்க காரணம் சொன்னால் கோர்ட் 90 நாள் வரை தரலாம். புரோநோட்டு வழக்கைச் சுருக்க முறையில் போட்டிருந்தால், ஆஜராவதற்கே 10 நாள்தான். எதிருரையில் காலவரம்பை முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள். பிராதைப் படித்த மாத்திரத்திலேயே கெடு முடிந்தது தெரிந்தால், பிராதை நிராகரிக்கச் சொல்லித் தனி மனுவும் போடலாம்.

தெரியாமலே டிகிரி ஆகியிருந்தால் அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள் கெடு. சம்மன் ஒழுங்காகச் சேரவில்லை என்றால் தெரிய வந்த நாளிலிருந்து 30 நாள். இகோர்ட்ஸ் இணையதளத்தில் மாவட்டத்தையும் உங்கள் பெயரையும் போட்டுத் தேடினால் உங்கள் மேல் வழக்கு இருக்கிறதா என்று தெரியும். பழைய வீட்டு முகவரிக்குச் சம்மன் போயிருக்க வாய்ப்புள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது.

நிதி நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போகாமல், நடுவர் வைத்துத் தீர்த்துக்கொள்ளும் ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் விடுவதும் உண்டு, சில சமயம் வேறு மாநிலத்திலிருந்து. அதற்கும் இதே காலவரம்புச் சட்டம் பொருந்தும். அந்த நடுவரை அந்த நிறுவனமே தனியாக நியமித்திருந்தால் அதையும் எதிர்த்து எழுதலாம். பதிலே போடாமல் விட்டால் ஆர்பிட்ரேஷன் தீர்ப்பும் டிகிரி மாதிரியே வந்து நிற்கும்.

லோக் அதாலத் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) அழைப்பு வந்தால் போங்கள், பேசுங்கள். ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் அது கோர்ட் டிகிரிக்குச் சமம், அப்பீலும் கிடையாது. மூன்று வருடம் எப்போதோ முடிந்த கடனுக்கு, "பாதி தள்ளுபடி" என்ற சந்தோஷத்தில் அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த மாதம் தவணை கட்ட முடியாமல் எங்களிடம் வந்தவர்களை எண்ண விரல் போதாது. போவதற்கு முன் தேதியை எண்ணிவிட்டுப் போங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வைத்துத் தருவார்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. உதவி எண் 15100.

கடன் கொடுத்தவர் நீங்கள் என்றால்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கெடு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே கேலண்டரில் வட்டம் போடுங்கள். ஒன்று, கெடுவுக்குள் ஒப்புதல் எழுதி வாங்குங்கள். இல்லை, வழக்கைப் போட்டுவிடுங்கள். நோட்டீஸ் விட்டதால் கெடு நிற்காது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனு அப்பீலுக்கு உண்டு, இந்த மாதிரி அசல் வழக்குக்குக் கிடையாது. ஒரு நாள் பிந்தினாலும் போயிற்று.

கட்டி முடிக்கலாம் என்று நினைத்தால்

கெடு முடிந்தாலும் சிபில் பதிவு போகாது. சிபில் போன்ற, நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கடன் தகவல் நிறுவனங்கள் விவரங்களைக் குறைந்தது 7 வருடம் வைத்திருக்க வேண்டும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர், கோர்ட்டில் ஜெயிக்கக்கூடிய கடனையும் கட்டிவிடுவது சில நேரம் லாபம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கணக்குத்தான்.

அப்படி முடிவெடுத்தால், தவணையாகக் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். மொத்தமாகக் கட்ட முடிகிற தொகையைச் சொல்லி, "இந்தத் தொகையோடு கணக்கு முடிகிறது, மேற்கொண்டு எந்தப் பாக்கியும் இல்லை" என்று வங்கியின் லெட்டர்ஹெட்டில் முதலில் வாங்கிக்கொண்டு, வங்கிக் கணக்குக்கே பணத்தை அனுப்புங்கள். ஏஜென்ட்டின் சொந்த யூபிஐக்கு அனுப்பவே கூடாது. பிறகு நோ டியூ சான்றிதழை வாங்குங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். அதில் இன்னும் பாக்கி என்றே காட்டினால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது.

புரோநோட்டுக் கடன் என்றால் பணத்தை எண்ணிக் கொடுக்கும் அதே மேசையில் மூல நோட்டைக் கையில் வாங்குங்கள். "பீரோ சாவி மருமகள்கிட்ட இருக்கு, நாளைக்குத் தர்றேன்" என்றால் பணமும் நாளைக்கே. நோட்டின் குறுக்கே "பைசல்" என்று எழுதித் தேதி போட்டு அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு எடுத்து வந்து பத்திரமாக வையுங்கள்.